நடுச்சாமத்து விழிப்பு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், மதிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "தொழில்நுட்பம் சம்பந்தமா ஏதாவது பேசுங்க" என்றார். "தூக்கத்தைப் பத்திப் பேசட்டுமா?" என்று கேட்டேன். "மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் உங்க நேரம். பொருத்தமான தலைப்புதான்" என்று சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டே யாராவது கண்ணயர்ந்தால் எனக்கு வருத்தமில்லை. என் பேச்சு பலன் கொடுத்தது என்றே எடுத்துக்கொள்வேன்.

இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் 2010 மெக்கானிகல் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி 2 மணிக்கும் 3 மணிக்கும் செய்தி வருகிறது. ஒருவன் நகைச்சுவை போடுகிறான், இன்னொருவன் உடனே சிரிக்கிறான். ஒருவன் இருப்பது ஒரகடத்தில், இன்னொருவன் இருப்பது ஓசூரில். அமெரிக்காவில் இருப்பவர்கள் போட்டால் புரிந்துகொள்ளலாம். இவனுக்கு ஏன் அந்த நேரத்தில் முழிப்பு? தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "படுத்தவுடனே தூங்கிடறேன்டா. ரெண்டு, ரெண்டரைக்கு முழிப்பு வந்துடுது. அப்புறம் விடியற வரைக்கும் கொட்டு கொட்டுன்னு முழிச்சிருக்கேன்."

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்தவன். அப்பா பட்டு நெசவாளர். வேலை, ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில். ஒன்பது வருடம் ஏ, பி, சி என்று வாரத்துக்கு ஒரு ஷிப்டாக மாறி மாறிப் பார்த்தேன். பிறகு ஜெனரல் ஷிப்டுக்கு மாற்றினார்கள். இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் வேலை நேரம் மாறியும் தூக்கம் மாறவில்லை. எட்டு மாதம், ஏறக்குறைய தினமும், அதிகாலை 2.40-க்கு விழிப்பு. கடிகாரத்தைப் பார்க்காமலே மணி சொல்லிவிடலாம் என்கிற அளவுக்குத் துல்லியம்.

தூக்கம்தானே, இதைப் போய்ப் பெரிதாகப் பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். எங்கள் பிரிவில் ஒரு ஆபரேட்டர் இருந்தார். சி ஷிப்ட் முடித்து, காலையில் வாலாஜாபாத் வழியாக பைக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர், ஓட்டும்போதே கண்ணயர்ந்துவிட்டார். உயிர் பிழைத்தது. ஆனால் வலது காலில் கம்பி வைத்து, ஏழு மாதம் வீட்டில் இருந்தார். "சார், நான் தூங்கினதே எனக்குத் தெரியாது சார்" என்று அவர் சொன்னது எனக்கு மறக்காது. அதனால்தான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் படித்தேன். படித்ததையும் செய்து பார்த்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நான் மருத்துவன் இல்லை. இயந்திரம் நின்றால் ஏன் நின்றது என்று பார்ப்பவன். அந்தப் பார்வையில்தான் பேசுகிறேன்.

விழிப்பது நோயா?

முதலில் ஒரு நல்ல செய்தி. ராத்திரியில் விழிப்பு வருவது கோளாறு இல்லை.

தூக்கம் என்பது சுவிட்சை அணைத்தது போல ஒரே இருட்டு என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவரின் கண்கள் இமைக்குள் குறிப்பிட்ட நேரங்களில் வேகமாக அசைவதைப் பதிவு செய்தார்கள். கனவுக்கும் அந்த நேரத்துக்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. அதன் பிறகு தூக்கத்துக்கு ஒரு சுற்று உண்டு என்பது தெளிவாயிற்று. லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஒரு ராத்திரிக்கு நான்கு, ஐந்து சுற்று. ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி முதல் மூன்று மணி நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. பின்னிரவில் தூக்கம் லேசானது, கனவு அதிகம்.

நம் பெரியவர்கள் இரவைச் சாமங்களாகப் பிரித்தார்கள். ஒரு சாமம் ஏழரை நாழிகை, அதாவது 3 மணி நேரம். கணக்குப் போட்டால் ஒரு சாமத்துக்கு இரண்டு சுற்று வருகிறது. இது தற்செயலாக அமைந்த பொருத்தம்தான். ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள வசதியானது.

ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் எல்லோருக்குமே சிறு விழிப்பு வருகிறது. புரண்டு படுக்கிறோம், போர்வையை இழுத்துக்கொள்கிறோம், மறுபடி தூங்கிவிடுகிறோம். காலையில் அது நினைவிலேயே இருப்பதில்லை. "நான் படுத்தா பொணம் மாதிரி தூங்குவேன்" என்று சொல்பவரும் ராத்திரியில் பல தடவை விழித்தவர்தான்.

வரலாற்று ஆசிரியர் ரோஜர் எக்கர்ச், 2001-இல் ஒரு கட்டுரையும் 2005-இல் ஒரு புத்தகமும் எழுதினார். மின்விளக்குக்கு முந்தைய ஐரோப்பாவில் மக்கள் 'முதல் தூக்கம்', 'இரண்டாம் தூக்கம்' என்று இரண்டு தவணையாகத் தூங்கினார்கள், நடுவில் எழுந்து பேசினார்கள், பிரார்த்தனை செய்தார்கள், வேலைகூடப் பார்த்தார்கள் என்று பழைய நாட்குறிப்புகளிலிருந்தும் நீதிமன்றப் பதிவுகளிலிருந்தும் எடுத்துக் காட்டினார். அதற்கு முன்பே, 1992-இல் தாமஸ் வெர் என்ற அமெரிக்க ஆய்வாளர், சில ஆண்களைத் தினமும் 14 மணி நேரம் இருட்டில் இருக்கச் செய்து பார்த்தபோது, சில வாரங்களில் அவர்கள் தூக்கமும் இரண்டாகப் பிரிந்தது.

ஆனால் இதையே பிடித்துக்கொண்டு, மனிதன் இரண்டு தவணையாகத் தூங்கத்தான் பிறந்தான் என்று சொல்லிவிட முடியாது. 2015-இல் தான்சானியா, நமீபியா, பொலிவியா ஆகிய நாடுகளில் மின்சாரம் இல்லாமல் வாழும் மூன்று சமூகத்தாரின் தூக்கத்தை அளந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் ஒரே தவணையாகத்தான் தூங்கினார்கள்; அதுவும் சராசரியாக 5.7 முதல் 7.1 மணி நேரம்தான். மனிதத் தூக்கம் இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப வளைந்துகொடுக்கிறது என்று எடுத்துக்கொள்வதே சரி. நடுவில் விழித்தாலே ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படத் தேவையில்லை.

என் அப்பா இதை ஒரு வரியில் சொல்லிவிட்டார். "தறியிலே இழை அறுந்தா என்னடா பண்ணுவோம்? நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி நெய்வோம். பாவையேவா அறுத்துப் போடுவோம்?" ஆயிரக்கணக்கான இழைகள் ஓடும் பாவில் நாளுக்குச் சில இழை அறுவது சகஜம். அறுந்த இழையைக் கவனிக்கத் தெரிந்தால் போதும்.

விழிப்பு ஏன் நீண்டுபோகிறது?

இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய விழிப்பு, இரண்டு மணி நேரமாக நீளும்போதுதான் தொல்லை. தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன என்று 1982-இல் அலெக்சாண்டர் போர்பேலி என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஒரு மாதிரியை முன்வைத்தார். இன்றும் அதுதான் அடிப்படை.

முதலாவது, தூக்கப் பசி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இது ஏறிக்கொண்டே போகும். தூங்கத் தூங்க இறங்கும். மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. காபியில் உள்ள காஃபின் அந்த அடினோசினின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அதை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. உடம்பில் சேர்ந்த காஃபின் பாதியாகக் குறைய சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 5 மணிக்கு ஒரு டிகிரி காபி குடித்தால், ராத்திரி 10 மணிக்கும் அரை டம்ளர் காபி உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உடம்பின் கடிகாரம். இதன் உள்ளமைப்பைக் கண்டறிந்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. உடல் வெப்பம் விடியலுக்குச் சற்று முன் மிகவும் குறைந்து, பிறகு ஏறத் தொடங்கும். விழிக்க வைக்கும் கார்ட்டிசால் சுரப்பும் விடியலை ஒட்டி ஏறும்.

இப்போது 2.40 மணியை நினைத்துப் பாருங்கள். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. தூக்கப் பசி பாதி தீர்ந்துவிட்டது. அந்த இடத்தில் விழிப்பு வருகிறது. கடிகாரத்தைப் பார்க்கிறோம். "ஐயோ, இன்னும் மூணு மணி நேரம்தான் இருக்கே. நாளைக்கு ஆடிட் இருக்கே" என்று மனக்கணக்கு ஆரம்பமாகிறது. நெஞ்சு படபடக்கிறது. மூளை, இங்கே ஏதோ ஆபத்து என்று முடிவுகட்டி, முழுதாக விழித்துக்கொள்கிறது. சில வாரம் இப்படியே நடந்தால் படுக்கையைப் பார்த்தாலே விழித்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிடுகிறது. கடைசியில், தூக்கம் வரவில்லையே என்ற கவலையே தூக்கத்தைக் கெடுக்கிறது.

பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்திருங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கதை தெரிந்திருக்கும். சின்ன காஞ்சிபுரம் திருவெஃகாவில் யதோத்காரி பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். தமிழில் 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்'. திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனை அரசன் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, ஆழ்வாரும் புறப்பட்டார். புறப்படும்போது, நீயும் உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடு என்று பெருமாளிடம் சொன்னாராம். பெருமாளும் எழுந்து பின்னாலேயே போய்விட்டார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம்தான் இன்று பாலாற்றுப் பக்கம் உள்ள ஓரிருக்கை. அரசன் மன்னிப்புக் கேட்டதும் திரும்பி வந்து, பாயை விரித்து மறுபடி படுத்தார். அதற்கு அடையாளமாக வழக்கத்துக்கு மாறான பக்கமாகப் படுத்திருக்கிறார் என்பது தலபுராணம்.

இந்தக் கதையை நான் பக்தி விளக்கமாகச் சொல்லவில்லை. 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் சொன்ன வைத்தியமும் இதேதான். தூக்கம் வரவில்லையா, படுக்கையை விட்டு எழுந்துவிடு. தூக்கம் வந்தால் திரும்பி வந்து படு. மறுபடி வரவில்லையா, மறுபடி எழுந்திரு. படுக்கை தூங்குவதற்கு மட்டும். அங்கே போன் வேண்டாம், கணக்கு வேண்டாம், கவலை வேண்டாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரம் மட்டும் மாறக் கூடாது.

நடைமுறையில் இப்படி. ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிடுங்கள். தோன்றினால் போதும், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். கூடத்தில் மங்கலான விளக்கில் உட்கார்ந்து, ஏற்கெனவே படித்த புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். அடுத்து என்ன ஆகும் என்ற பரபரப்பு இருக்கக் கூடாது. கண் இழுக்கும்போது போய்ப் படுங்கள்.

இதற்கு அடுத்த படி, 1987-இல் ஆர்தர் ஸ்பீல்மன் வகுத்த முறை. இதுதான் என்னைப் போன்ற ஒரு இன்ஜினியருக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் இதில் எஃபிஷியன்சி கணக்கு வருகிறது! தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுத்தால் வருவது தூக்கத்தின் திறன். மருத்துவர் என்னை இரண்டு வாரம் குறிப்பு எழுதி வரச் சொன்னார். கணக்குப் பார்த்தால், இரவு 10 மணி முதல் காலை 6.30 வரை எட்டரை மணி நேரம் படுக்கை. தூக்கம் ஐந்தரை மணி நேரம். திறன் 65 சதவீதம். "நீங்க தூங்கறதே அஞ்சரை மணி நேரம்தானே? அவ்வளவு நேரம் மட்டும் படுங்க" என்றார் மருத்துவர். அதாவது 12.30-க்குப் படுத்து 6 மணிக்கு எழ வேண்டும். எந்த நிலையிலும் படுக்கை நேரத்தை 5 மணி நேரத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது.

முதல் இரண்டு வாரம் சிரமம்தான். சாயங்காலம் 7 மணிக்கே கண் சொக்கும். அந்த நாட்களில் நான் பைக்கைத் தொடவில்லை, கம்பெனி பஸ்ஸில்தான் போனேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் தூக்கப் பசி ஏறியது, விழிப்பு சுருங்கியது. வாரச் சராசரி 85 சதவீதத்தைத் தாண்டினால் படுக்கை நேரத்தில் 15 நிமிடம் கூட்டலாம் என்பது விதி. இப்படிக் கூட்டிக் கூட்டி, இரண்டு மாதத்தில் 11.15-க்குப் படுத்து 6 மணிக்கு எழும் நிலைக்கு வந்தேன். இன்றும் சில நாள் விழிப்பு வருகிறது. ஆனால் இப்போது அதோடு சண்டை போடுவதில்லை.

வலிப்பு நோய் உள்ளவர்களும், இருதுருவ மனநோய் உள்ளவர்களும் இதைத் தாங்களாகவே செய்துபார்க்கக் கூடாது. தூக்கம் குறைவதே அவர்களுக்கு ஆபத்து. மற்றவர்களும் மருத்துவரைக் கேட்டுச் செய்வது நல்லது. இந்த இரண்டு முறைகளையும், கவலை எண்ணங்களைச் சரிசெய்யும் பயிற்சியையும் சேர்த்த சிகிச்சையைத்தான் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டும், மாத்திரை அதற்குப் பிறகுதான் என்று 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரை செய்தது. தெரிந்த மருந்துக்கடையில் "ஒரு தூக்க மாத்திரை குடுப்பா" என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை நம் ஊரில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மதுவும் அப்படித்தான். அது சீக்கிரம் தூங்க வைக்கும். பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

என் அப்பா ராத்திரியில் நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டிருந்தார். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்றார். அம்மாதான் விடவில்லை. "வயசு எனக்கும்தான் ஆச்சு, நான் எழுந்திருக்கலையே" என்று வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். சோதித்தால் சர்க்கரை எக்கச்சக்கம். அதைக் கட்டுப்படுத்திய பிறகு நான்கு தடவை ஒன்றாகக் குறைந்தது. அம்மா கவனித்திருக்காவிட்டால், அப்பாவின் கண்ணுக்கோ காலுக்கோ என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. நெசவாளருக்குக் கண்ணும் காலும்தானே தொழில்?

ஆகவே விழிப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். காரணத்தைப் பார்க்காமலும் விட வேண்டாம். அடிக்கடி சிறுநீர் என்றால் சர்க்கரையையும், ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியையும் பார்க்க வேண்டும். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிழுவது என்றால் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. நெஞ்செரிச்சல், மாதவிடாய் நிற்கும் காலத்து வெப்ப அலை, வலி ஆகியவையும் எழுப்பும். அதிகாலையில் விழிப்பு வந்து, எதிலும் பிடிப்பில்லாமல், வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் அது மனச்சோர்வாக இருக்கலாம். தாமதிக்காமல் உதவி கேளுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற சேவை இருக்கிறது, எண் 14416. தமிழிலேயே பேசலாம்.

வேறு காரணம் இல்லாமல், வாரத்துக்கு 3 இரவாவது, 3 மாதத்துக்கு மேல், பகல் வேலையும் கெடும்படி இருந்தால், அதுதான் நாள்பட்ட தூக்கமின்மை.

ஷிப்ட் பார்க்கும் நண்பர்களுக்கு

1938-இல் முன்பு சொன்ன கிளைட்மன், ஒரு மாணவரோடு அமெரிக்காவில் மாமத் குகைக்குள் 32 நாள் தங்கி, நாளை 28 மணி நேரமாக்கி வாழ்ந்து பார்த்தார். இளைஞரான மாணவரின் உடம்பு ஓரளவு பழகிக்கொண்டது. 43 வயது கிளைட்மனின் உடம்பு 24 மணி நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. "இருபத்தஞ்சு வயசுல நல்லாத்தானே நைட் பார்த்தேன்" என்று புலம்பும் நம் நண்பர்களுக்கு இதுவே பதில்.

ஷிப்ட் அட்டவணை போடும் இடத்தில் நம்மில் பலர் இருக்கிறோம். 1982-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு தாதுப்பொருள் நிறுவனத்தில், ஷிப்டைப் பின்னோக்கி மாற்றாமல் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி மாற்றி, ஒவ்வொரு ஷிப்டையும் 3 வாரம் நீட்டிப் பார்த்தார்கள். தொழிலாளர்களின் திருப்தியும் உற்பத்தியும் கூடின. இரவு ஷிப்ட் வேலையைப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் சேர்த்தது. 2019-இல் அதை உறுதி செய்தது. எனவே அட்டவணை போடுகிறவர்கள் அதை ஆள் கணக்காக மட்டும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சி ஷிப்ட் முடித்து வருபவர்கள் வழியில் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். அறையை நன்றாக இருட்டாக்குங்கள். வீட்டாரும் அந்த நேரத்தில் மிக்சியை ஓட்டாமல் இருந்தால் புண்ணியம். கண் சொருகினால் பஸ்ஸுக்குக் காத்திருங்கள், பைக் வேண்டாம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

2019-இல் அத்திவரதர் 48 நாள் வெளியே எழுந்தருளியபோது நம் ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை சின்ன காஞ்சிபுரத்துக்கு இரவு என்பதே இல்லாமல் போயிற்று. அனந்தசரஸ் குளத்துக்குள் அவர் திரும்பிய பிறகுதான் ஊர் தூங்கியது. அது 40 வருடத்துக்கு ஒரு தடவை. நீங்களோ போனை வைத்துக்கொண்டு தினமும் அத்திவரதர் உற்சவம் நடத்துகிறீர்கள்!

படித்தது மனத்தில் பதிவது தூக்கத்தில்தான். தேர்வுக்கு முந்தின ராத்திரி முழுக்க விழிப்பதைவிட, ஒரு பாடத்தை விட்டுவிட்டு 6 மணி நேரம் தூங்குவது லாபம். நம் ஊர்க்காரரான அண்ணா இரவில் வெகுநேரம் படித்தவர், எழுதியவர் என்று நீங்கள் சொல்லலாம். சிலருடைய உடல் கடிகாரம் அப்படி அமைவது உண்மைதான். ஆனால் அவர் விழித்தது புத்தகத்தோடு என்பதையும் நினைவில் வையுங்கள்.

நண்பர்களே, இன்று இரவு விழிப்பு வந்தால் மணி பார்க்காதீர்கள். வாட்ஸ்அப்பில் எனக்குச் செய்தி போடாதீர்கள்; போட்டாலும் காலை 6 மணிக்கு முன் பதில் வராது.